எங்கள் கோல்கீப்பர் எந்த நாட்டுக்காரன்

நாடும் நாடும் பந்தாடுவதில் இன்றைக்கு யாருக்கும் அதிசயமில்லை. என் பேரன் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, பூகோளப் படத்தில் விரல் வைத்துக் காட்டத் தெரியாத ஒரு நாட்டுக்காகத் தொண்டை கட்டும்வரை கத்துகிறான். எனக்குக் கல்யாணமாகாத வயதில் அது புதுச் சரக்கு. தென் அமெரிக்காவில் உருகுவே என்று ஒரு நாடு இருக்கிறது, அங்கே உலகத்து நாடுகள் கூடி ஒரு கோப்பைக்காகப் பந்தாடப் போகின்றன என்ற செய்தி பினாங்குக்கு வந்தபோது, எங்கள் ஆபீசில் பாதிப் பேர் அப்படி ஒரு நாடு இருப்பதையே நம்பவில்லை. பத்திரிகைக்காரன் அச்சுப்பிழை விட்டுவிட்டான் என்றார்கள்.

அதைப் பார்த்து நாங்களும் எங்கள் ஊரில் ஒரு நாடுகள் போட்டி நடத்தினோம். அதற்குக் காரியதரிசி நான். விதிகளை எழுதியவன் நான். அந்த விதியைக் கையில் பிடித்துக்கொண்டு, என் பள்ளிக்கூட நண்பன் ஒருவனை ஊரறிய 'நீ எங்கள் ஆள் இல்லை' என்று வெளியே நிறுத்தியவனும் நான்தான். நடந்ததில் பெரும்பகுதி சிரிப்பு என்பதால் சிரிப்பாகவே சொல்கிறேன். ஆனால் எதைச் சொல்ல வந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் சிரிப்போடு நிறுத்திக்கொள்ள எனக்கே ஆசை வந்துவிடும்.

அப்போது நான் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கப்பல் கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்தவன். கோட்டுப் போட்டுக்கொண்டு வேர்ப்பவன். கப்பல்களில் வரும் வெளியூர்ப் பத்திரிகைகளை மாலுமிகள் படித்து முடித்ததும் என் மேசைக்குக் கொண்டுவந்து சேர்க்க ஆள் வைத்திருந்தேன். அதனால் பந்தாட்ட விஷயத்தில் ஊரில் எனக்குத் தெரியாதது இல்லை என்று எனக்கு ஓர் எண்ணம். சாயங்காலம் கோப்பிக் கடையில் உட்கார்ந்தால் பிரசங்கம்தான். முதன்முதலில் இங்கிலாந்துக்காரனும் ஸ்காட்லாந்துக்காரனும் ஆடிக்கொண்டதைத்தான் நாடுகளின் ஆட்டம் என்று பெயர் வைத்தார்கள், ஒரே ராணியின் பிரஜைகள் இரண்டு நாடாகப் பிரிந்து மோதியதில் இருந்து எல்லாம் ஆரம்பம் என்பேன். பிறகு ஒலிம்பிக் பந்தயங்களில் பந்தாட்டத்தைச் சேர்த்தார்கள். பாரிஸில் சில நாட்டார் கூடி ஒரு சங்கம் வைத்தார்கள். ஆங்கிலேயர் அதில் சேர்ந்தார்கள், கோபித்துக்கொண்டு விலகினார்கள், மறுபடி சேர்ந்தார்கள், மறுபடி விலகினார்கள். மாமனார் வீட்டில் முறுக்கிக்கொள்ளும் மாப்பிள்ளை மாதிரி என்று நான் சொன்னால் கடையே சிரிக்கும். இனி அவர்களை எதிர்பார்த்துப் பயனில்லை என்று மற்றவர்கள் தாங்களே ஒரு கோப்பை செய்துவிட்டார்கள் என்று முடிப்பேன்.

ஐரோப்பாவிலிருந்து போன அணிகள் கப்பல் தளத்திலேயே ஓடிப் பழகினார்கள் என்று படித்த அன்று எனக்கு அந்த யோசனை வந்தது. அவர்களுக்கு ஒரு நாட்டை எதிர்த்து ஆட மகாசமுத்திரம் தாண்ட வேண்டியிருக்கிறது. நமக்கு ரிக்‌ஷா போதுமே. ஒரு தெருவில் சீனர், அடுத்த தெருவில் நாம், ஊர்க்கோடியில் சயாம்காரர், மாதா கோயிலைச் சுற்றி, வெள்ளைக்கார ரத்தம் கலந்த யூரேஷியர், எங்கும் மலாய்க்காரர். அதுவரை எங்கள் ஊர் ஆட்டமெல்லாம் ஆபீசும் ஆபீசும், பள்ளிக்கூடமும் பள்ளிக்கூடமும், தெருவும் தெருவும்தான். நாடு என்று யாரும் ஆடியதில்லை. நாடு என்ற ஒன்று நமக்கு இருக்கிறதா என்று யாரும் கேட்டுக்கொண்டதும் இல்லை.

மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் ஒரு மிளகு மண்டியின் மாடி அறை கமிட்டிக்குக் கிடைத்தது. கீழே மூட்டை பிரித்தால் மேலே எல்லாரும் தும்முவோம். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு ஸ்காட்லாந்துக் கிழவர் தலைவராக இருக்கச் சம்மதித்தார். வெள்ளைக்காரர்களின் கிளப்பை 'இங்கிலாந்து' என்ற பெயரில் ஆட அழைத்தோம். இந்த ஆட்டமே எங்களுடையது, இதில் நாங்கள் நிரூபிக்க வேண்டியது எதுவும் இல்லை என்று பதில் சொல்லி அனுப்பினார்கள். தலைவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். ஊருக்கு ஊர் இதே பதில்தான், எங்கேயாவது மாற்றிச் சொல்ல மாட்டார்களா என்று நானும் பார்க்கிறேன் என்றார்.

மற்ற நாடுகளைக் கட்டி எழுப்புவது சுலபமாக இல்லை. சீனா என்றதும் ஹொக்கியன்காரர்களும் கான்டன்காரர்களும் யார் காப்டன் என்பதில் முட்டிக்கொண்டார்கள். யூரேஷியர்கள் தாங்கள் போர்ச்சுகலா ஹாலந்தா என்று தங்களுக்குள்ளேயே ஓட்டுப் போட்டுப் பார்த்தார்கள். ஜப்பான் என்று ஒரு பல் வைத்தியரும் ஒரு போட்டோக்காரரும் இரண்டு முடிதிருத்துபவர்களும் வந்து நின்றார்கள். மிச்சத்தைக் கப்பல் வரும்போது சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். கப்பல் வரவில்லை. போட்டோக்காரர் மட்டும் மனம் தளராமல் எல்லா ஆட்டத்தையும் படம் பிடித்தார். எங்களுக்குக் கொடி ஒரு தலைவலி. இந்தியாவுக்கு எந்தக் கொடி என்று கேட்டதும் போலீஸ்காரர்கள் விசாரிக்க வந்துவிட்டார்கள். கடைசியில் கொடியே வேண்டாம், ஆளுக்கொரு நிறத்தில் சட்டை போதும் என்று முடிவாயிற்று. எங்களுக்கு மஞ்சள் வந்தது. மஞ்சள் குளித்த கல்யாணப் பெண்கள் மாதிரி இருக்கிறோம் என்று எங்கள் ஆட்களே முணுமுணுத்தார்கள்.

இனி அவனைச் சொல்ல வேண்டும்.

எங்கள் கோல்கீப்பர் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். ஒரே கோயிலில் என்னோடு பூசைக்கு உதவி செய்தவன். வீடு சுங்கை பினாங்கில், ஆற்றுக்கு அருகே பலகை வீடுகள் நெருக்கியடித்த ஒரு சந்தில். அவன் தகப்பனார் துறைமுகத்தில் தண்டல், அதாவது மூட்டை தூக்கும் ஆட்களுக்குத் தலைவர். நாகப்பட்டினத்துப் பக்கம் பிறந்தவர். அவர்களுக்குப் பிள்ளையில்லை. பக்கத்து வீட்டுச் சீனருக்குப் பிறந்த ஆண் குழந்தையின் ஜாதகம் தகப்பனுக்கு ஆகாது என்று அவர்களுடைய ஜோசியன் சொல்லிவிட்டான். குழந்தையைக் கொடுத்துவிட்டு அந்தக் குடும்பம் ஈப்போ பக்கம் போய்விட்டது. தண்டலின் மனைவி குழந்தையை வாங்கிக்கொண்டு நேரே கோயிலுக்குப் போய் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்களாம். எங்கள் ஊரில் இது அபூர்வமில்லை. இப்படி வளர்ந்த சீனப் பெண் பிள்ளைகள் எத்தனையோ பேர் சேலை கட்டிப் பூ வைத்துத் தமிழ் வீடுகளில் வாழ்ந்தார்கள். எல்லாருக்கும் தெரியும். பார்த்தாலே தெரியும். ஆனால் யாரும் அதை வாயால் சொல்வதில்லை. மரியாதை என்பது அதுதான்.

அவனுக்குச் சீனத்தில் விலை கேட்க வரும், இரண்டொரு கெட்ட வார்த்தை வரும், அவ்வளவுதான். கடையில் அவன் முகத்தைப் பார்த்து ஹொக்கியனில் ஆரம்பிப்பார்கள். இவன் நிதானமாகத் தமிழில் பதில் சொல்வான். அவர்கள் திகைத்து நிற்பதை ரசிப்பதற்காகவே சாமான் வாங்கப் போவான் என்று நாங்கள் கேலி செய்வோம். கோலில் நின்றால் அவன் வாய் ஓயாது. தடுப்பு ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவரையும் தமிழில் திட்டித் திட்டி இடம் மாற்றுவான். "எருமை, வலது பக்கம் வாடா, அங்க என்ன புல்லா மேயுற" என்று பாடாங் முழுக்கக் கேட்கும். கடற்கரையை ஒட்டிய அந்தப் புல்வெளியில் அவன் குரல் கேட்டால்தான் எங்கள் அணிக்குத் தெம்பு. அவன் இருக்கும்போது மாற்று கோல்கீப்பருக்கு வேலையே இருக்காது. அந்த மாற்று கோல்கீப்பர் நான்.

விதிகளுக்கு வருகிறேன். ஒருவன் எந்த நாட்டுக்கு ஆடலாம் என்பதுதான் எங்கள் பெரிய குழப்பம். பிறந்த இடம் என்று வைத்தால் பாதிப் பேர் பினாங்கில் பிறந்தவர்கள், எல்லாரும் ஒரே அணியில் சேர வேண்டிவரும். பாஷை என்று வைத்தால் நாங்களும் யாழ்ப்பாணத்தாரும் ஒன்றாகிவிடுவோம். அவர்கள் இலங்கை என்று தனி அணி சேர்த்திருந்தார்கள், எங்களோடு சேர இஷ்டமில்லை, எங்களுக்கும் இல்லை. நான் இரண்டு நாள் யோசித்து, தகப்பன் பிறந்த நாடே ஒருவனின் நாடு என்று எழுதிக்கொண்டு போனேன். ரொம்ப நேர்த்தியான விதி என்று தலைவர் தும்மலுக்கு நடுவே பாராட்டினார். அதை எழுதும்போது அவன் முகம் எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. அவன் தகப்பன் தண்டல்தானே. சத்தியமாக அப்படித்தான் நினைத்திருந்தேன்.

முதல் சுற்றிலேயே அந்த விதியை உபயோகிக்க வேண்டிவந்தது. இலங்கை அணியின் சிறந்த ஆட்டக்காரர், இடது ஓரத்தில் பறப்பவர், யாழ்ப்பாணத்தில் படித்தவரே தவிர அவர் தகப்பனார் தஞ்சாவூர்க்காரர் என்று தெரியவந்தது. காரியதரிசி என்ற முறையில் அவரை நீக்கினேன். அவர் இல்லாமல் இலங்கை தோற்றது. அவர்களுடைய காப்டன், அரசாங்க ஆபீசில் பெரிய உத்தியோகத்தில் இருந்தவர், எல்லார் முன்னாலும் என்னிடம் வந்து அமைதியாகச் சொன்னார்: இந்தியா அணிக்காரரான காரியதரிசியே விதி எழுதினால் விதி இந்தியாவுக்குச் சாதகமாகத்தான் இருக்கும், உங்கள் ஆள் ஒருவனை இதே விதியால் நீக்குகிற நாள் வரும்போது பார்க்கலாம். எனக்குக் காது சிவந்துவிட்டது. நான் நியாயஸ்தன் என்பதை நானே ரொம்ப நம்பியிருந்தேன். என் நேர்மையைச் சந்தேகித்தால் எனக்கு இரவுச் சாப்பாடு இறங்காது. அந்த வாரம் முழுக்கக் கோப்பிக் கடையில் அதே பேச்சு. நான் உள்ளே போனதும் பேச்சு நின்றது. அது இன்னும் மோசம்.

அரையிறுதியில் இந்தியாவும் சீனாவும் மோத வேண்டும் என்று வந்தது. அதற்கு முன்னால் இரண்டு காப்டன்களும் மாடி அறைக்கு வந்து ஆட்டக்காரர் பெயர்களைக் கொடுப்பது வழக்கம். சீனாவின் காப்டன் குறும்புச் சிரிப்புக்காரர், ஒரு அரிசிக் கடையின் சின்ன முதலாளி. எங்கள் கோல்கீப்பரைப் பந்தில் வெல்ல முடியாது என்று ஊருக்கே தெரியும். அவர் என் பட்டியலைப் பார்த்துவிட்டு, கண்ணைச் சிமிட்டி, மலாயும் ஆங்கிலமும் கலந்து சொன்னார்:

"உங்க கோல்கீப்பர் எங்க ஆள் மாதிரி இருக்காரே லா. தப்பா உங்க பக்கம் வந்துட்டாரா?"

எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் ஊரில் எந்தக் கடையில், எந்த வண்டியில் ஏறினாலும் இந்த மாதிரிப் பேச்சு நடக்கும். ஒரு இனத்தாரை இன்னொரு இனத்தார் இப்படிச் சீண்டுவதும், பதிலுக்கு ஒன்று சொல்வதும், இரண்டு பேரும் சிரிப்பதும்தான் எங்கள் ஊர் நடக்கிற விதம். பதில் சொல்வது என் முறை. எல்லாரும் என் பதிலுக்காகச் சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

அறையின் மூலையில் இலங்கைக் காப்டன் உட்கார்ந்திருந்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பள்ளிக்கூட ஆங்கிலத்தில், ஒரு ஆட்சேபணை எழுப்பப்பட்டிருக்கிறது என்றேன். விதிப்படி தகப்பன் பிறந்த நாடு. அந்த ஆட்டக்காரரைப் பெற்ற தகப்பன் சீனர். ஆகையால் அவர் இந்தியாவுக்கு ஆட முடியாது. காரியதரிசி என்ற முறையில் என் தீர்ப்பு இது, என் சொந்த அணிக்கு நஷ்டம் என்றாலும் விதி விதிதான்.

சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. சீனக் காப்டனின் முகம் வெளுத்துவிட்டது. தான் ஆட்சேபணை எதுவும் செய்யவில்லை, விளையாட்டுக்குச் சொன்ன பேச்சு, தயவுசெய்து எழுத வேண்டாம் என்று கெஞ்சினார். தலைவர்கூட, பெற்றவன் வளர்த்தவன் என்று விதியில் ஒன்றும் இல்லையே, வளர்த்தவர் பெயரை வைத்துக்கொண்டால் என்ன என்று வழி காட்டினார். எனக்கு முன்னால் கதவைத் திறந்தே வைத்தார்கள். நான் நுழையவில்லை. எல்லாரும் இவ்வளவு கெஞ்சக் கெஞ்ச என் நேர்மை இன்னும் பெரிதாகத் தெரிவது போல் இருந்தது. இலங்கைக் காப்டன் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். அந்தக் குலுக்கலுக்காகத்தான் அவ்வளவும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இனி மறைத்து என்ன ஆகப் போகிறது. அவன் விலகினால் அந்தக் கோலில் நிற்கப் போவது நான். ஊரே பார்க்கும் ஆட்டம். எனக்குப் பெண் பேசிக்கொண்டிருந்த வீட்டார் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். தீர்ப்புச் சொல்லும்போது இது என் மனதில் இல்லை என்று பல காலம் எனக்கு நானே சொல்லி வந்தேன். இருந்தது. முதலில் இல்லை, இரண்டாவதாக இருந்தது.

அவனிடம் நானே போய்ச் சொல்வதுதான் முறை என்று மறுநாள் வேலை முடிந்ததும் சைக்கிளில் சுங்கை பினாங்குக்குப் போனேன். எனக்கு முன்னால் செய்தி போயிருந்தது. அவன் வாசலில் உட்கார்ந்து சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். நான் விதியைச் சொன்னேன், இலங்கைக்காரர் பேச்சைச் சொன்னேன், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அவன் தலை நிமிராமல் "சரி" என்றான். சீனக் காப்டன் அதற்குள் வந்துபோயிருக்கிறார். மன்னிப்புக் கேட்டுவிட்டு, வேண்டுமானால் எங்கள் அணியின் சட்டை ஒன்று தருகிறேன், எங்கள் கோலில் நில்லுங்கள் என்றாராம். இவன் சிரித்து, உங்கள் ஆட்களை எந்தப் பாஷையில் திட்டுவது என்று கேட்டு அனுப்பிவிட்டானாம். அதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் பழைய ஆள் மாதிரி இருந்தான்.

கிளம்பும்போது அவன் அம்மா உள்ளேயிருந்து வந்தார்கள். எனக்கு எத்தனையோ முறை சோறு போட்ட கை. கோபமாக இல்லை. தெரியாத ஒரு விஷயத்தைப் படித்தவனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் குரலில் கேட்டார்கள்:

"தம்பி, இவங்க அப்பா செத்தப்ப குழிக்குள்ள முதல் பிடி மண்ணு போட்டது இவன்தான். நீங்களும் பக்கத்துல நின்னீங்க. அன்னிக்கு எந்த நாட்டுப் பிள்ளை மண்ணு போட்டான்?"

நான் அது வேறும்மா, இது ஆட்ட விதி, மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று ஏதோ சொன்னேன். அவன் டியூபை வாளித் தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வீட்டில் 'சீனப் பிள்ளை' என்ற வார்த்தையை யாரும் அதுவரை சொன்னதில்லை. முதலில் சொன்னவன் நான். அதுவும் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கூட இல்லை. மாடி அறையில் சொல்லி, பாடாங் ஓரத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டி, ஊர் வழியாக அவர்களுக்கு அனுப்பி வைத்திருந்தேன்.

ஆட்டத்தைப் பற்றிச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும், வரட்டும். நான் மஞ்சள் சட்டையில், கையுறை மாட்டிக்கொண்டு, தலையில் எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு நின்றேன். முதல் பந்து என் கால்களுக்கு நடுவே போயிற்று. எங்கள் தடுப்பு ஆட்டக்காரர்கள் திட்டு வாங்கியே பழகியவர்கள். பின்னாலிருந்து குரல் வராததால் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நான் குரல் கொடுத்துப் பார்த்தேன். "இடதுபுறம் கவனியுங்கள்" என்று கத்தினேன். அவசரத்தில் எனக்கு அப்படித்தான் வந்தது. தடுப்பு ஆட்டக்காரன் ஒருவன் சிரித்துவிட்டான், அந்தச் சிரிப்பில் இரண்டாவது கோல். சீனர்களே கோல் போட்டுவிட்டுச் சங்கடப்பட்டார்கள். அவர்கள் காப்டன் மூன்றாவதைப் போட்டதும் கையைத் தூக்கவில்லை. குனிந்து காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டே திரும்பிப் போனார். பிறகு நான் எண்ணவில்லை.

அவன் வந்திருந்தான். கடலோரத்துச் சுவர்ப் பக்கமாக நின்றான். நம் ஆட்கள் ஒரு பக்கம் கூட்டமாக, சீனர்கள் ஒரு பக்கம் கூட்டமாக. நம் ஆட்கள் இங்கே வா என்று இடம் விட்டார்கள். சீனர் பக்கத்தில் யாரோ ஒரு கிழவர் கச்சான் கடலைப் பொட்டலத்தை நீட்டினார். அவன் இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டிவிட்டு நடுவிலேயே நின்றுகொண்டான். இடைவேளைக்குப் பிறகு நான் பார்த்தபோது அந்த இடம் காலியாக இருந்தது. பெண் வீட்டார் கடைசிவரை இருந்தார்கள், அவர்களுக்குப் பந்தாட்டம் தெரியாது. கல்யாணம் நடந்தது.

தோற்றதற்காக என்னை யாரும் திட்டவில்லை. சொந்த அணியையே விட்டுக்கொடுத்த நீதிமான் என்று இலங்கைக்காரர்கள் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். அந்தப் பெயர் ஊரில் எனக்கு நிலைத்துவிட்டது. ஆபீசில் இரண்டு கிராணிகளுக்குள் தகராறு வந்தால்கூட என்னிடம்தான் வருவார்கள். நானும் தீர்த்து வைத்தேன். வெட்கம் அவ்வளவு சீக்கிரம் வரவில்லை. கல்யாணமாகி என் முதல் பிள்ளை பிறந்து, அதைக் கையில் வாங்கியபோதுதான் வந்தது. கையில் வாங்கினால் நம் பிள்ளை. அதற்கு மேல் அதில் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை.

அடுத்த போட்டிக்குக் கமிட்டி கூடியதும் நான் முதல் வேலையாக விதியை மாற்றினேன். ஒருவன் எந்த வீட்டில் வளர்ந்தானோ அந்த வீட்டாரின் நாடே அவன் நாடு. ஒருவரும் எதிர்க்கவில்லை. இலங்கைக் காப்டனே கையைத் தூக்கினார். நான் அன்று மாலையே சுங்கை பினாங்குக்குச் சைக்கிளை ஓட்டினேன், மனசு அவ்வளவு லேசாக இருந்தது. வழியில் அவனுக்குப் பிடிக்கும் என்று ஒரு சீப்பு வாழைப்பழம்கூட வாங்கிக்கொண்டேன்.

அவன் அம்மா எனக்கு நாற்காலி போட்டார்கள். நான் புது விதியைச் சொன்னேன். இனி ஒரு தடையும் இல்லை, சனிக்கிழமை பழக வா, உன் சட்டை அப்படியே இருக்கிறது என்றேன். அவன் பொறுமையாகக் கேட்டான். பழத்தில் ஒன்றை உரித்து எனக்குக் கொடுத்தான், ஒன்றைத் தான் எடுத்துக்கொண்டான்.

"நீ மாத்துனது விதியைடா," என்றான். "அன்னிக்கு என்னை வெளிய போன்னு சொன்னது விதி இல்ல. நீ."

குரலில் சூடே இல்லை. நேரம் சொல்வது போலச் சொன்னான். மன்னித்துவிடு என்ற வார்த்தை எனக்கு அந்த இடத்தில் வந்திருக்க வேண்டும். மூன்று பாஷை படித்திருந்தேன், ஒன்றிலும் வரவில்லை. பழம் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். அதைத்தான் சொன்னேன். அவன் அம்மா, சாப்பிட்டுவிட்டுப் போகலாமே தம்பி என்றார்கள். உட்கார்ந்து சாப்பிட்டேன். மீன் குழம்பு. அரிசி விலையைப் பற்றியும், கோயில் திருவிழாவுக்கு யார் யார் வருவார்கள் என்பதைப் பற்றியும் மூன்று பேரும் நிறையப் பேசினோம்.

அவன் எந்த நாட்டுக்கும் ஆடவில்லை. எங்கள் அணி இரண்டு முறை ஆள் அனுப்பிக் கேட்டது, முழங்கால் சரியில்லை என்றான். முழங்கால் நன்றாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சுங்கை பினாங்கு ஆற்றோரத் திடலில் அந்தச் சந்து ஆட்கள் ஆடும் ஆட்டத்தில் கோலில் நிற்பான். தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாம் கலந்த கூட்டம். வந்த வரிசையில் இரண்டாகப் பிரித்துக்கொள்வார்கள். சட்டை போட்டவன் ஒரு பக்கம், கழற்றியவன் ஒரு பக்கம். அங்கே அவன் குரல் பழையபடி கேட்கும். எருமைகளையெல்லாம் வலது பக்கம் விரட்டுவான்.

நான் வீட்டுக்குப் போகும் வழி அதுவல்ல. இருந்தாலும் அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போவேன். சாலைக்கு அப்பால் சைக்கிளை நிறுத்தி, யாரையோ எதிர்பார்ப்பவன் மாதிரி நின்று பார்ப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பந்து கால்வாயைத் தாண்டி, சாலையைக் கடந்து என் காலடிக்கு உருண்டு வந்தது. அவன்தான் எடுக்க ஓடிவந்தான். சாலையின் மறுபக்கத்தில் நின்று, இரண்டு கையையும் நீட்டினான். நான் பந்தை எடுத்துத் துடைத்து, அவன் மார்புக்கு நேராக எறிந்தேன். வாங்கிக்கொண்டான்.

"தேங்க் யூ," என்றான், வழியில் போகிற யாருக்கும் சொல்வது போல. பிறகு திரும்பி ஓடினான்.